மஞ்சுளாவுக்கு எழுதிய கண்

சாயங்காலம் ஏழு மணி. மேகம் மூடிய இருட்டு. வடக்குப்பட்டிலிருந்து ஒரகடம் பக்கம் வரும் மண்சாலை. அதில் ஒரே ஒரு சைக்கிள்...

இன்றைக்கு உங்கள் கம்பெனி பஸ் போகிற அதே சாலைதான் கண்ணுகளா. தொண்ணூற்றொன்றாம் வருஷம் அங்கே கம்பெனியும் கிடையாது, விளக்கும் கிடையாது. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். தவளைச் சத்தம். கலைமணி, கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார். கரண்ட் வரும்போது வரட்டும்.

சைக்கிளில் வந்தவர் செல்வநாதன். என் சிநேகிதி அற்புதமேரிக்குச் சித்தப்பா. படப்பையில் ஜாய் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஜாய் அவருடைய ஒரே மகள். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காது குத்து எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார். ஆனால் ஒவ்வொரு ஃபிலிம் ரோலிலும் கடைசிப் படத்தை மட்டும் யாருக்கும் எடுக்க மாட்டார். அது ஏரிக்கு. விடியற்காலையில் செம்பரம்பாக்கம் கரையில் போய் நின்று, தண்ணீர்மேல் வெளிச்சம் விழும்வரை காத்திருந்து, ஒன்றே ஒன்று எடுப்பார். "அத்தப் பாத்துட்டு வந்தாதான் மத்த மூஞ்சியெல்லாம் எனக்கு அழகாத் தெரியுது" என்பாராம்.

சாவு வீட்டுக்கும் போவார். அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும்போது தனியாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. செத்த பிறகுதான் நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் துணியால் கட்டி, மாலை போட்டு எடுப்பார்கள். மூடிய கண்ணோடு சுவரில் மாட்ட முடியுமா? அதனால் ஸ்டூடியோவில் மெல்லிய பிரஷ்ஷால் படத்தின்மேல் கண்ணைத் திறந்து எழுத வேண்டும். செல்வநாதன், செத்தவரின் ரத்த சொந்தத்தில் ஒருவரை எதிரே உட்கார வைத்து, அவர் கண்ணைப் பார்த்துத்தான் எழுதுவார். அவர் எழுதின கண் பார்க்கும் என்று சுற்று வட்டாரத்தில் பேர்.

அன்றைக்கு அவர் எடுத்துவிட்டு வந்தது மஞ்சுளாவை. வடக்குப்பட்டு தசரதனின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். நாற்காலியில் உட்கார வைத்ததும் மாலை சரிந்தது. சரிசெய்யக் கிட்டே போன செல்வநாதன் பார்த்துவிட்டார். கழுத்தைச் சுற்றி... கருநீலமாக... கயிறு அழுந்தின தடம்.

தசரதன் அவர் பின்னாலேயே நின்றிருந்தான்.

"இன்னா அண்ணே, பொணத்தப் பாத்ததில்லையா?"

"கழுத்துல..."

"அது படத்துல வரக் கூடாது. உன் பென்சில் வேலையெல்லாம் எனக்குத் தெரியும்." தோளில் கை போட்டான். "உனக்கும் ஒரு பொண்ணு கீது இல்ல? தினம் ஸ்கூலுக்குத் தனியாத்தானே போவுது?"

செல்வநாதன் தலையை ஆட்டிவிட்டார்.

மஞ்சுளாவைப் பெற்றவள் சின்னப்பொண்ணு. மணிமங்கலத்துக்காரி. அவளுக்கு ஆள் அனுப்பியதே பாடையைத் தூக்கின பிறகுதான். அவள் ஓடி வந்தபோது நெருப்பு மட்டும் இருந்தது. மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செல்வநாதனையும் சிதை நன்றாகப் பிடிக்கும்வரை தசரதன் விடவில்லை.

அந்தப் புகை நாற்றத்தோடுதான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். காமிராப் பை பின்னால் கேரியரில். ஏரிக்கு வைத்திருந்த கடைசிப் படம் அதில் பாக்கி.

பாதி வழியில் சைக்கிள் கனத்தது.

பஞ்சர் இல்லை. மேடும் இல்லை. பின்னால் ஒருத்தர் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்த கனம்... பிறகு வாசனை. மாலையில் இருந்ததே, அந்த வாடின மல்லி.

பிறகு பைக்குள்ளிருந்து... க்ளிக்.

அவர் திரும்பவில்லை. படப்பை டீக்கடை வெளிச்சம் வரும்வரை மிதித்தார்.

மறுநாள் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவிவிட்டு பல்பைப் போட்டார். ஹைப்போ மருந்து நெடி. மஞ்சுளா நன்றாக விழுந்திருந்தாள். தடமும் விழுந்திருந்தது. கடைசிப் படத்தைத் தூக்கிப் பார்த்தார். பைக்குள் இருட்டில் எடுத்த படம் வெறுமையாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. சைக்கிள் ஓட்டுகிற ஆளின் பிடரி. கேரியரில் உட்கார்ந்து எடுத்தது போல, மிகக் கிட்டத்தில். அவருடைய கழுத்து.

அப்படியும் உட்கார்ந்து வேலையைச் செய்தார், பாருங்கள். நெகட்டிவில் பென்சிலால் தடவினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவிடும். தடவினார். கழுத்து வெளுத்தது.

கண் எழுத யாரைக் கூப்பிடுவது என்று அவர் யோசிக்குமுன் சின்னப்பொண்ணே வந்துவிட்டாள். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எம்பொண்ணுக்கு என் கண்ணு சாமி. பாத்து எழுது."

அவர் பிரஷ்ஷைத் தொட்டு எடுத்தார். அவள் இமைக்கவே இல்லை. அழவும் இல்லை.

"நீதான் கடைசியா கிட்டக்கப் பாத்தே. அவ ஒடம்புல ஏதாச்சும் இருந்ததா?"

பிரஷ் நின்றது.

"சொல்லு சாமி. நீ ஒரு வார்த்த சொன்னா போதும். நான் போயி ஸ்டேஷன்ல நிப்பேன்."

செல்வநாதனுக்கு ஜாய் ஞாபகம் வந்தாள். ரிப்பன் கட்டிக்கொண்டு தனியாக ஸ்கூலுக்கு நடந்து போகிற ஜாய்.

"ஒண்ணும் இல்லம்மா. தூங்கற மாரி இருந்தா."

சின்னப்பொண்ணு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் அவர் எழுதி முடித்தார்.

படம் தசரதன் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. ஊர் வாயை மூட வேண்டுமே... பொட்டு வைத்து, பூ போட்டு மாட்டினான். கார்த்திகையில் அவனுக்கு இரண்டாம் கல்யாணம். கோயிலில் சுருக்கமாக. அதற்கும் செல்வநாதன்தான் போனார்.

கழுவிப் பார்த்தால்... எந்தப் படத்திலும் மாப்பிள்ளைக்குக் கண் மூடியிருந்தது. மாலை மாற்றும்போது மூடியிருந்தது. தாலி கட்டும்போது மூடியிருந்தது. சிரிக்கும்போதும் மூடியிருந்தது.

தசரதன் ஸ்டூடியோவுக்கு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா அண்ணே, உன் ஃப்ளாஷ் என்னைத் தூங்க வெச்சிடுச்சா? பொணத்துக்கே கண்ணு தொறந்தவன், எனக்குத் தொறக்க மாட்டியா?"

எதிரே உட்கார வைத்து எழுதினார். அச்சு அசல் அவன் கண். காயட்டும் என்று மேஜைமேல் வைத்துக் கடையைப் பூட்டினார். காலையில் திறந்து பார்த்தால்... படத்தில் கண் மூடிக்கொண்டிருந்தது. பெயின்ட் கரையவில்லை. கலையவில்லை. பிரஷ்ஷால் எழுதின இமையே தானாக இறங்கியிருந்தது.

அவர் படத்தைக் கீழே வைக்குமுன் வடக்குப்பட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. சாவுப் படம் எடுக்க வேண்டுமாம்.

தசரதன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மஞ்சுளாவைக் கட்டி வைத்தார்களே, அதே நாற்காலி. யாரும் அவனை உட்கார வைக்கவில்லை. காலையில் பார்த்தபோதே அப்படித்தானாம். கண் இரண்டும் பிதுங்கித் திறந்திருந்தன, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. யார் மூடியும் மூடவில்லை. செல்வநாதனுக்குக் கண் எழுதுகிற வேலையே இல்லை அன்றைக்கு. சட்டைக் காலருக்கு மேலே கருநீலம் எட்டிப் பார்த்தது.

எதிர்ச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மஞ்சுளா படத்தை யாரோ கழற்றிக் குப்பையில் எறிந்திருந்தார்கள்.

சசிகலா, பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள். கொஞ்சம்தான் பாக்கி.

ஒரு வாரம் போயிருக்கும். அடைமழை. படப்பையில் கரண்ட் இல்லை. செல்வநாதன் கல்லாவில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தசரதன் செத்துவிட்டான். இனி ஜாய்க்கு ஆபத்து இல்லை. பென்சில் தடவின நெகட்டிவ் பெட்டிக்குள் இருந்தது. தடவினதைத் துடைத்து எடுத்தால் தடம் திரும்பத் தெரியும். ஆனால் இனி யாரிடம் போய் எதற்குச் சொல்வது... எரித்துவிடலாம் என்று அதைக் கையில் எடுத்தார். வாசலில் ஈரக் கால் சத்தம் கேட்டது.

சின்னப்பொண்ணு. மார்போடு ஒரு பழைய புடவை மூட்டை.

"குப்பையில கெடந்ததுன்னு தூக்கினு வந்தேன் சாமி. எம்பொண்ணை என் வூட்ல மாட்டிக்கலாம்னு. கண்ணு ஏன் இப்டி ஆயிடுச்சின்னு தெரியல."

புடவையைப் பிரித்துப் படத்தை மெழுகுவத்தி ஓரமாக நிறுத்தினாள்.

மஞ்சுளாவின் ஒரு கண் மூடியிருந்தது. நிம்மதியாக, அவர் முதலில் எடுத்தபோது இருந்தது போல.

இன்னொரு கண் திறந்திருந்தது.

"ஒண்ணு மட்டும் தூங்கிடுச்சி பாரு. இன்னொண்ணு யாரையோ பாத்துக்கினே கீது." சின்னப்பொண்ணு படத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள். "எப்டித் திருப்பினாலும் உன்னையேதான் பாக்குது. ஏன் சாமி?"

செல்வநாதன் கையில் நெகட்டிவ் இருந்தது. சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. வாடின மல்லி வாசனை மட்டும் வந்தது. கழுத்து இறுகியது. காலர் பொத்தானைக் கழற்றக் கை மேலே போனது... தடவித் தடவிப் பார்த்தது.

பொத்தான் இல்லை. அவர் சட்டையே போட்டிருக்கவில்லை.