பதினொரு நிமிஷ சோலோ

சாயா நன்றாக இருந்தது, ஜிஷா மேடம். எனக்குச் சர்க்கரை ஆகாது என்பதை நினைவு வைத்து, இல்லாமல் போடச் சொன்னீர்கள். இந்த வயதில் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் வாத்தியம் வைப்ரஃபோன். மேசை போல இருக்கும். மேலே உலோகப் பட்டைகள், கீழே குழாய்கள், காலடியில் ஒரு பெடல். கைக்கு இரண்டாக நாலு குச்சிகளால் தட்ட வேண்டும். ஓசை மணி போல எழுந்து, தண்ணீரில் ஆடுவதுபோல் ஆடி அடங்கும். வலியசாலை அக்ரஹாரத்தில் பத்து வருஷம் தினமும் காலையில் சாதகம் செய்தேன். எதிர்வீட்டு விஜயம் முதல் வருஷம் உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் பார்த்தாள். மூன்றாம் வருஷம் அவளுடைய குக்கர் என் சுருதியில் விசில் அடிக்கத் தொடங்கியது. அதோடு விட்டுவிட்டாள்.

எங்கள் ஜாஸ் குழுவில் நாலு பேர். டிரம்ஸுக்குப் பிரபின், பேஸ் கிட்டாருக்கு வினய். இருவருக்கும் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. பியானோவுக்குத் திரவியம், சர்ச்சில் வாசித்துப் பழகியவர்.

ஜாஸில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் சோலோ வாசிக்கும்போது மற்றவர்கள் ஒதுங்கி இடம் விட வேண்டும். அவர் தலையசைக்கும்வரை பாட்டை யாரும் நிறுத்தக் கூடாது. திரவியம் இடமே விடமாட்டார். சர்ச்சில் வாத்தியம் ஓய்ந்தால் ஜனங்கள் இருமத் தொடங்கிவிடுவார்களாம். அந்தப் பழக்கத்தில் நான் விட்ட ஒவ்வொரு இடைவெளியையும் பத்து விரலாலும் அடைத்துவிடுவார். கேட்டால், "சாமி, உங்க வாத்தியம் தனியா நின்னா இட்லிக் கொப்பரையில கரண்டி விழுந்த மாதிரில்லா கேக்கு. நாந்தான மறைச்சு விடுதேன், கேட்டோ" என்பார்.

நல்ல மனிதர். எழுபது வயதில் நான் ஆசைப்பட்டது, யாரும் அடைக்காத ஒரே ஒரு சோலோ நாலு பேர் காதில் விழ வேண்டும் என்பதுதான். பேராசை என்று சொல்ல முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் என் முறை வந்தது. இரண்டாம் சுற்றில் பியானோ நின்றது. வீடியோவைப் போட்டுக் காட்டி, திரவியம் கை நீட்டியதை நான் பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன். இடது கை நெஞ்சில் இருந்தது, வலது கை என் பக்கம் நீண்டிருந்தது. முன்பு ஒருமுறை இப்படி ஆனபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்தான். அந்த முகம் எனக்குத் தெரியும். பிறகு அவர் பியானோவின் மேல்பலகையில் தலையைச் சாய்த்தார். சபை அதை ரசனை என்று எடுத்துக்கொண்டது.

பிரபின் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தால் நிறுத்தியிருப்பான். கண்ணை மூடிக்கொண்டேன். மெய்மறந்து வாசிக்கிறேன் என்று அவன் நினைக்க வேண்டும் என்றுதான் மூடினேன். பதினொரு நிமிஷம் வாசித்தேன். ஒவ்வொரு ஓசையும் முழுசாக எழுந்து, முழுசாக அடங்கியது. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் பிரபின் ஓடிப்போய் அவரைத் தொட்டுப் பார்த்தான்.

பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் என் சோலோவின் நல்ல இடம் ஏழாவது நிமிஷத்தில்தான் வருகிறது, மேடம்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி எலிசாள் என் பக்கத்தில் வந்து, "அவிய கடைசியா நல்லா வாசிச்சாவளா, சாமி?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக வாசித்ததே இல்லை என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவளை ஆறுதல்படுத்துவதற்காகச் சொன்னதல்ல. உள்ளதைத்தான் சொன்னேன்.