மைனா வண்டி வாசலில்தான் நிற்கும்

இந்த அவையை ஆளவும் அறிந்த, அணைக்கவும் அறிந்த தலைவர் அவர்களே! வண்டிக்குக் கூடு கட்டும் பட்டறைகளிலிருந்து கையில் ஒட்டிய வண்ணம் காய்வதற்குள் ஓடி வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே! முன்வரிசையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் பின்வரிசையில் பெருமையோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு வலி, கண்ணில் பாதித் தூக்கம், ஆனாலும் முகத்தில் முழுச் சிரிப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! சக்கர நாற்காலிகளைச் சிங்காதனமாக்கிச் சாய்ந்திருக்கும் எங்கள் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மேடைக்குப் பழகியவன் அல்லன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டே தேய்ந்த வாய் இது. இன்று நான் எழுதிக்கொண்டு வந்ததே எனக்குத் தெரியவில்லை... சிரியுங்கள், சிரியுங்கள்! கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தவனைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வீர்கள்?

வெளியே வாசலில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு வண்டி நிற்கிறதே, பார்த்தீர்களா? மைனா வண்டிகளின் வரிசையில் அது மூன்றாவது; இன்றுதான் ஓடத் தொடங்குகிறது. ஒரு வண்டிக்கா இத்தனை கூட்டம்? ஒரு வண்டிக்கா இத்தனை கொண்டாட்டம்? ஆம்! ஒரு வண்டிக்குத்தான்! ஏனென்று சொல்கிறேன்.

இதோ, மேடையின் ஓரத்தில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் எனக்கு இளையவர். ஆனாலும் ஊரே அவரை அக்கா என்கிறது. நானும் அக்கா என்கிறேன். பக்கத்தில் இருப்பவர் அவர் கணவர், பட்டறைக்காரர். இவர்களின் ஒரே மகளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் மைனா. மைனாவுக்குப் பேச வராது, சிரிக்க வரும். நடக்க வராது, நம் நெஞ்சுக்குள் நடந்து வர மட்டும் வரும். பன்னிரண்டு வயதில் அம்மாவின் தோளுயரம் வளர்ந்துவிட்டாள். ஆனாலும், கைக்குழந்தைக்கு மாற்றுவதுபோல அவளுக்குத் துணி மாற்றிவிட வேண்டும்.

வீட்டில் சரி. வெளியில்? தோளுயரப் பெண்ணை எங்கே படுக்க வைப்பது? எந்தக் கடையில், எந்த மண்டபத்தில், எந்தப் பூங்காவில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது?

அக்காவின் தம்பிக்குக் கல்யாணம். கூட்டம் நிறைந்த மண்டபம். மைனாவுக்குத் துணி மாற்ற வேண்டிய நேரம் வந்தது. கழிவறையைத் தவிர வேறு கதவு இல்லை. தரையெல்லாம் ஈரம். அக்கா தன் புதுப் புடவையின் முந்தானையை விரித்து, அதன்மேல் மகளைப் படுக்க வைத்தார். வெளியே கதவைத் தட்டுகிறார்கள். "உள்ள யாரு? எவ்வளவு நேரம்?" சிரிப்பைத் தவிர வேறொன்றும் அறியாத அந்தப் பிள்ளை அன்று அழுதாள். தம்பி மணமேடை ஏறும் முன்பே மூவரும் வீடு திரும்பினார்கள்.

அதன்பிறகு என்ன? அவர் போனால் இவர் இல்லை. இவர் போனால் அவர் இல்லை. அழைப்பிதழில் குடும்பத்தோடு வருக என்று இருக்கும். ஆள் மட்டும் தனியாகப் போவார். தலையாட்டுகிறீர்கள், தாய்மார்களே! உங்களுக்குத் தெரியும். நம் வீடுகளின் கதை இதுதானே!

ஒரு நாள் கணவருக்குச் சோறு கொடுக்கப் பட்டறைக்குப் போன அக்கா, ஓரமாக நின்ற பழைய பள்ளி வண்டி ஒன்றைப் பார்த்தார்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் வண்டி கட்டித் தர்றீங்க. நம்ம பொண்ணுக்கு ஒரு அறை கட்டித் தரக்கூடாதா?"

"அறையா? வண்டியிலயா?"

"அவ போற இடத்துல எல்லாம் அறை இல்ல. அறையே அவகூட வரட்டும்."

கேளுங்கள் அந்த வாக்கியத்தை! அறையே அவளோடு வரட்டும்!

பட்டறைக்காரர் சோற்றை வைத்தது வைத்தபடி எழுந்து போய் அளவு நாடாவை எடுத்தார். இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டில். குனிய வேண்டாம்; முதுகு ஒடிய வேண்டாம். கூரையில் தண்ணீர்த் தொட்டி, குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பான நீர். எஞ்சின் தூக்கும் சங்கிலிக் கப்பியைக் கழற்றிக் கூரையில் மாட்டி, அதில் தூளிபோல ஒரு கெட்டித் துணியைக் கோத்தார். முதலில் அவரே அதில் ஏறித் தொங்கிப் பார்த்தார். பிறகு மைனா. மேலே எழும்பியதும் அவள் சிரித்த சிரிப்பில் பட்டறையில் சுத்தியல்களே நின்றுவிட்டனவாம்!

முதல் பயணம் ஒரு பூங்காவுக்கு. மகளோடு அக்கா வண்டியிலிருந்து இறங்கும்போது, எதிரே ஒரு தாய், தன் வளர்ந்த பையனின் நாற்காலியைப் பிடித்தபடி தயங்கித் தயங்கி நிற்கிறார்.

"தப்பா நினைக்காதீங்க... ஒரு அஞ்சு நிமிஷம்... என் பையனுக்கும்..."

தொழில் பிறந்தது அந்த நொடியில்! திட்டம் போட்டுப் பிறக்கவில்லை; ஒரு தாயின் தயக்கத்தில் பிறந்தது!

"தொழிலா? இலவசமாகச் செய்தால் புண்ணியம் ஆயிற்றே" என்று சிலர் சொன்னார்கள். அக்கா சொன்ன பதிலைக் கேளுங்கள்: "தர்மம்னா நீங்க என்னைக் கும்பிடணும். தொழில்னா, வண்டி தாமதமா வந்தா என்னைத் திட்டலாம். எங்க பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்குத் திட்டுற உரிமை வேணும்!"

கை தட்டுங்கள். பலமாகத் தட்டுங்கள்!

இனி, என் வீட்டுக்கு வருகிறேன். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகனுக்குப் பதினைந்து வயது; அவனும் மைனாவைப் போலத்தான். அதட்டும் குரல் என்பதால் அவன் எங்களுக்குத் துரை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் என் மனைவி சொன்னாள்: "நீங்க போய் நடத்திட்டு வாங்க. நான் துரையோட வீட்டுல இருந்துக்கறேன்." பெற்ற மகளின் கல்யாணத்துக்கு! மகள் கொதித்தாள். "அம்மாவும் தம்பியும் வராத மேடையில நான் ஏற மாட்டேன்ப்பா."

அக்காவிடம் சொன்னேன்; கல்யாணத்தன்று மைனா வண்டி வந்தது. மண்டபத்து மேலாளரும் வந்தார்.

"இத பின்பக்கம் நிறுத்துங்கம்மா, குப்பைத்தொட்டி கிட்ட. முன்னால விருந்தாளிங்க கார் எல்லாம் நிக்கணும். பார்க்க நல்லா இருக்காது."

அக்கா இறங்கினார். "வாசலுக்குப் பக்கத்துல நிக்கும் சார். இல்லேன்னா வந்த வழியே போயிடும். எங்க பிள்ளைங்க பின்வாசல் பிள்ளைங்க இல்ல."

சொல்லிவிட்டார். வண்டி போய்விட்டால்? மனைவியும் மகனும் போய்விட்டால்? அதற்குள் பாதி அலங்காரத்தோடு என் மகள் வாசலுக்கே வந்துவிட்டாள். "அண்ணே, என் கல்யாணத்துக்கு முதல் விருந்தாளி என் தம்பி. அவன் வண்டி நிக்கட்டும். மிச்ச வண்டிங்க பின்னால போகட்டும்!"

அப்போது சம்பந்தி, மாப்பிள்ளையின் தகப்பனார், சாவியை எடுத்தார். வாசலில் நின்ற தன் காரைக் கிளப்பிக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவரைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து வேறொருவர். பளபளக்கும் கார்கள் எல்லாம் பணிந்து பின்னே போக, பழைய பள்ளி வண்டி ஒன்று முன்னே வந்து நின்றதை நான் பார்த்தேன்! மலை நகர்வதைப் பார்த்தவன் எப்படி நிற்பான்? அப்படி நின்றேன்!

மகள் மேடையேறும் நேரம், துரைக்குத் துணி மாற்ற வேண்டி வந்தது. என் மனைவி எழுந்தாள், வண்டிக்குப் போனாள், எல்லோரும் வாழ்த்த எழுவதற்குள் உலர்ந்த உடையில் அவனோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தாள். மண்டபம் அமைதியான அந்தக் கணத்தில் துரை தன் முழுக் குரலில் ஒரு கூவல் கூவினான்! எல்லாத் தலையும் திரும்பின. மேடையிலிருந்து மணப்பெண், வெட்கத்தை மூட்டை கட்டிவிட்டு, "துரை!" என்று திருப்பிக் கூவினாள். அவன் மறுபடி கூவினான். மண்டபமே கூவியது!

பிறகு பந்தி. நானும் என் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். எத்தனை வருடம் கழித்து! அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னங்க, உப்பு கொஞ்சம் கம்மி இல்ல?" என்றாள். அன்பர்களே! அவ்வளவு அழகான வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை!

வானைத் தொடுவதா வியப்பு? கடலைக் கடப்பதா வியப்பு? இல்லை! வீட்டுக்குள் அடங்கிய ஒரு தாயை விருந்தில் உட்கார வைத்து, உப்புக் குறை சொல்ல வைத்தார்களே, அதுவே வியப்பு! அதைச் செய்தவை ஒரு பழைய வண்டி, ஒரு சங்கிலிக் கப்பி, தலை குனியாத ஒரு பெண், சொன்னதைக் கட்டிக் கொடுத்த ஓர் ஆண்!

பிள்ளைகளைப் பெற்றவர்களே, கூச்சம் வேண்டாம், வெளியே வாருங்கள். மண்டபக்காரர்களே, முன்வாசலைத் திறந்து வையுங்கள். பேசப் பணித்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இடையிடையே குரல் கொடுத்து என்னைத் திருத்திய எங்கள் செல்வங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் குடும்பத்தோடு, ஒருவரும் வீட்டில் மிச்சமில்லாமல், எங்கும் போய் வாருங்கள். வணக்கம்!