செவ்வாய்க்கிழமை என்றே சொன்ன இணையதளம்

இந்த அவையைத் தன் பொறுமையால் நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் நெயும்பே அம்மையார் அவர்களே! ம்பாலே வட்டாரத்துத் தொண்டு நிறுவனங்களை வளர்த்து ஆளாக்கி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொறுப்பாளர்களே! மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! எல்லோருக்கும் மேலாக, மடியில் பிள்ளையோடு பின்வரிசையில் இருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வெபுகுலு ஆகிய நான் வணங்குகிறேன்.

‘இணையதளம் கண்ட வெற்றி’ என்று என் பேச்சுக்கு அழைப்பிதழில் தலைப்பு அச்சிட்டிருக்கிறார்கள். அச்சிட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பேச வந்தது வெற்றியை அல்ல, என் வெட்கத்தை.

வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மாவுக்கட்டுப் போட்டு, வாரம் ஒரு கட்டாக மாற்றி மாற்றிப் பாதத்தை நேராக்கும் சிறிய அமைப்பு எங்களுடையது. பத்தாண்டுகள் நான் அதன் செயலாளர். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் இணையதளத்தைப் புதிதாக்க முடிவு செய்தோம். பக்கங்களை எழுதவும் திருத்தவும் எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது? தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பொறுப்பா வந்தது? பெருமையல்லவா வந்தது!

இரண்டு எங்கள் முன் வைக்கப்பட்டன. ஒன்று, எவரும் இலவசமாக எடுத்தாளும் எளிய மென்பொருள். மற்றொன்று, தலைநகரத்து நிறுவனம் ஒன்று தானே செய்து வைத்திருந்தது. திறந்தால் மலை அசைந்தது, மேகம் மிதந்தது, குழந்தைகள் குதித்தோடினார்கள். நான் மயங்கினேன். அப்போது, வரவேற்பு மேசையில் தாய்மார்களின் பெயரைப் பதிகிற நந்துடு கை தூக்கினார்.

“ஐயா, ஒரு சந்தேகம். கட்டுப் போடற முகாம் நாள் மாறினா, அத நானே என் போன்ல மாத்திக்கலாமா?”

“ஏம்மா நந்துடு, விமானத்துல ஏறினா ஓட்டுறவர் சீட்டுல நீயா போய் உக்காருவ?”

அறையே சிரித்தது. நந்துடுவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதோ, முன்வரிசையில் ஒருவர் இப்போதும் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அன்று நானும் சிரித்தேன்.

பிறகு என்ன ஆயிற்று? ஒரு சொல்லைத் திருத்தவும் தலைநகரத்துக்கு எழுத வேண்டும். எழுதினால் இரண்டு வாரம் ஆகும். அப்படி எழுதி அனுப்பத் தேவையான கடவுச்சொல்லும் என் ஒருவனிடம் மட்டும். எட்டு மாதத்தில் அந்த நிறுவனத்தின் பதிலே நின்றுபோனது. அதற்குள் கடவுச்சொல்லையும் நான் தொலைத்திருந்தேன்.

அந்த ஆண்டு மழையில் எங்கள் முகாம் அறையின் கூரை விழுந்தது. சந்தைத் தெருவிலிருந்து தேவாலயத்தின் பின்கட்டுக்குப் போனோம். செவ்வாய் முகாம் வியாழனுக்கு மாறியது. நந்துடு வந்தார்.

“ஐயா, தளத்துல இன்னும் செவ்வாய்னே இருக்கு.”

“பாத்துக்கறேன்மா.”

அடுத்த வாரமும் வந்தார். “பாத்துக்கறேன்னு சொன்னேன்ல! உன் வேலையப் பாரு.”

எதைப் பார்த்துக்கொள்வேன்? எப்படிப் பார்த்துக்கொள்வேன்? ‘எனக்கு மாற்றத் தெரியவில்லை’ என்று சொல்ல இந்த நாக்கு எழவில்லை. மேடைதோறும் முழங்கிய நாக்கு, மூன்று வாரம் முடங்கிக் கிடந்தது!

நான்காவது வாரம் நந்துடு பதிவேட்டோடு வந்தார். “புடுடாவுல இருந்து வர்ற கைன்சாவோட பொண்ணு நகுடி மூணு வாரமா வரல. அஞ்சு கட்டு முடிஞ்ச குழந்த. பதிவேட்டுல இருக்கற பழைய நம்பருக்குப் போனும் போகல. நான் மேல போய்ப் பாக்கறேன்.” நானும் உடன் போனேன்.

கைன்சா எங்களை உட்காரவைத்து, நிலக்கடலை விழுதில் வெந்த மூங்கில் குருத்து பரிமாறினார். குழந்தையின் காலில் கட்டு இல்லை. வெந்நீரில் ஊறவைத்து அவரே பிரித்திருந்தார். நேராகி வந்த பாதம் மறுபடி உள்ளே திரும்பியிருந்தது.

“ரெண்டு செவ்வாய் வந்தோமே ஐயா. பூட்டு தொங்குச்சு. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு தக்காளிக்காரம்மா சொன்னாங்க.”

“கிழமை மாறிடுச்சேம்மா, யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?”

ஆம் அவையோரே, அந்த வீட்டில், அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே, அப்படித்தான் கேட்டேன்! அவர் கணவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது உங்க தளந்தானே ஐயா? செவ்வாய்னுதானே போட்டிருக்கு? நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்னு இவகிட்ட தினம் திட்டு வாங்கறேன்.”

அந்தச் சின்னத் திரையில் குழந்தைகள் குதித்தோடிக்கொண்டிருந்தார்கள். அவர் மடியில் நகுடி.

“கோவிச்சுக்காதீங்க ஐயா, நான்தான் சரியா விசாரிக்கல” என்றார் கைன்சா. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது! தட்டைக் கீழே வைத்தேன்.

“இல்லம்மா. தப்பு என்னோடது. அத எனக்கு மாத்தத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

நந்துடு அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். இருவரும் மலை இறங்கினோம். அடிவாரத்தில் சொன்னார்: “முன்னாடியே சொல்லியிருந்தா, அந்தப் பூட்டின கதவுல ஒரு தாளாவது ஒட்டியிருப்பேனே ஐயா.”

மறுநாள் நிர்வாகக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதிய தேர்வை நந்துடுவிடம் ஒப்படைத்தார்கள். அவர் விற்பவர்களைக் கூப்பிடவில்லை. ஒரு வாரம், தொலைபேசியில் தாய்மார்கள் கேட்பதையெல்லாம் எழுதினார். எந்தக் கிழமை? எந்த இடம்? கட்டு நனைந்தால் என்ன செய்ய? பிறகு தன் பழைய போனை எடுத்துக்கொண்டு, இணைப்பு தட்டுத்தடுமாறும் சந்தை நடுவில் நின்று, ஒவ்வொரு மென்பொருளிலும் தேதியை மாற்றிப் பார்த்தார். நான் ஒதுக்கிய அந்த இலவச மென்பொருளில் மாறியது!

கல்லூரி ஆசிரியர் ஒருவர் பழைய பக்கங்களை இடம்மாற்றித் தந்தார். எண்பது பக்கங்களில் பதினொன்றைத்தான் நந்துடு வைத்துக்கொண்டார். என் புகைப்படம் இருந்த மூன்றும் போயின, ஆமாம், கைதட்டலாம்! கடவுச்சொல் இப்போது மூவரிடம் இருக்கிறது. தளத்தின் முகவரி அமைப்பின் பெயரில் இருக்கிறது. முதல் வாரமே நந்துடு கைதவறி ஒரு பக்கத்தை அழித்துவிட்டார். எடுத்துவைத்திருந்த நகலிலிருந்து மீட்டார். நான் திட்டவில்லை. திட்டும் தகுதி எனக்கேது?

நகுடிக்கு முதல் கட்டிலிருந்து மறுபடி தொடங்கினோம். முடியவேண்டிய நேரத்தில் இன்னும் ஏழு கட்டுகள். இன்று நடக்கிறாள். ஆனால் அந்த வாரங்களை அந்தக் குழந்தைக்கு எந்த மென்பொருள் மீட்டுத் தரும்?

பொறுப்பாளர்களே! நாளைக் காலை உங்கள் அலுவலகம் திறந்ததும், முன்மேசையில் இருப்பவரிடம் போய் நில்லுங்கள். தளத்தில் ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லையா? அந்தத் தளம் உங்களுடையது அல்ல! அழகு பார்த்து வாங்கினீர்களா, ஆளைப் பார்த்து வாங்கினீர்களா? நாளையே வெட்கப்படுங்கள், ஒரு குழந்தையின் காலைப் பார்த்த பிறகு வெட்கப்படாதீர்கள்!

பின்வரிசையில் இருக்கும் கைன்சா அம்மா, இத்தனை பேர் நடுவில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்ன, எழுந்து ஏதோ சொல்கிறார்... கொஞ்சம் அமைதி, ஐயா!

“மன்னிச்சிட்டேன்னு உடனே சொல்ல மாட்டேன். நீங்க பேசினது போதும். நந்துடு பேசட்டும், அத நாங்க கேக்கறோம்!”

நியாயம். முற்றிலும் நியாயம். என் கதையைக் கேட்கக் காது தந்த உங்களுக்கு என் நன்றி, தலைகுனிந்தவனின் வணக்கம். நந்துடு, மேலே வாருங்கள். ஒலிபெருக்கி உங்களுடையது.