கிழிந்த சல்லடை

"சல்லடையைப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். மறந்துடாதே."

"எங்க மறக்கிறது? கரும்பு வெட்டப் போறவன் எல்லாம் அரிவாள் கொண்டு போறான். நான் ஒருத்தன்தான் மாவுச் சல்லடையோட போறேன். கப்பல்ல கேட்டா என்ன சொல்ல? பொண்டாட்டி ரொட்டி சுட்டு அனுப்பச் சொன்னாள்னா?"

"சிரிக்காதே. இங்கன்னா கிறிஸ்துமஸ் ராத்திரியில பொறந்தவன்னு ஊருக்கே தெரியும். அங்க எவனுக்குத் தெரியும்? ஜன்னல் பக்கம் நின்னு முனகினா சுட்டுப் போட்டுருவான்."

"அவ்வளவு பயமா இருந்தா கூட வா. பக்கத்துல உக்காந்து எண்ண வை."

"படுத்த படுக்கையா கிடக்கிற அப்பாவை விட்டுட்டா? நடக்காது."

"சரி. நான் கேட்டாச்சு, நீ மாட்டேன்னுட்ட. இனிமே கேக்க வேண்டியது நீதான். வந்துடுன்னு ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த கப்பல்ல ஏறிடறேன். நீ சொல்லாம வரமாட்டேன்."

"காத்துக்கிட்டே இரு. தாடி நரைச்சுடும்."

இதோ இங்கே உட்கார்ந்திருக்கிற நம் டோனினாவின் பெரியம்மா கிரெட்ஸியாவும் அவள் புருஷன் ஸாரெனும் இம்ஜார் படகுத்துறையில் பேசிய கடைசிப் பேச்சு இது. பேசிவிட்டு அவன் கரும்பு வெட்டக் கடல் கடந்து குயின்ஸ்லாந்துக்குப் போனான். அவள் இங்கே ஷாரா கிராமத்தில் இருந்தாள். பதினோரு வருஷம்.

கௌகௌ என்றால் என்னவென்று கோசோத் தீவில் பிறந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தலைநகர் வலெட்டாவிலிருந்து வந்திருக்கிற மாப்பிள்ளை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகச் சொல்கிறேன். பாலன் பிறந்த இரவில் பிறந்தவர்களுக்கு வருஷத்தில் அந்த ஒரு ராத்திரி தூக்கம் ஆகாது. தூங்கினால் உடம்பு கட்டிலில் கிடக்கும். அவர்கள் கௌகௌவாகி எழுந்து போய்விடுவார்கள். ஊரார் வாசலில் நின்று முனகுவார்கள். விடிவதற்குள் உடம்புக்குத் திரும்பி, ஒன்றும் நினைவில்லாமல், அடித்துப் போட்டது போல எழுந்திருப்பார்கள். அதனால்தான் சல்லடை. மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை ஓட்டைகளை எண்ணினால் தூக்கம் வராது. இன்னொன்றும் உண்டு. வாசலுக்கு வந்த கௌகௌவிடம் பேசக் கூடாது, உள்ளே கூப்பிடக் கூடாது. கூப்பிட்டு, அது வாசற்படியைத் தாண்டிவிட்டால்... கட்டிலில் கிடப்பவன் பிறகு எழுந்திருப்பதே இல்லை.

இப்போது மாப்பிள்ளை இளிக்கவில்லை. நல்லது.

ஸாரென் ஒவ்வொரு ஜனவரியிலும் கடிதம் போடுவான். "எண்ணினேன். தூங்கவில்லை. நீ நலமா?" அவ்வளவுதான். அவளும் இரண்டு வரி எழுதுவாள். மழை, ஆடு, அப்பாவின் இருமல். அந்த அப்பாவும் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் கூப்பிடத் தடை ஒன்றும் இல்லை. "வந்துடு" என்று மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் கிழித்து அடுப்பில் போட்டாள். அவன் பிடிவாதம் ஒரு பங்கு என்றால் இவள் பிடிவாதம் இரண்டு பங்கு.

அந்த வருஷம் வழக்கத்துக்கு மாறாக டிசம்பர் தொடக்கத்திலேயே கடிதம் வந்தது. "சல்லடை துருப்பிடித்து நடுவில் கிழிந்துவிட்டது. இப்போது ஒரே ஒரு பெரிய ஓட்டைதான். இந்த வருஷம் எண்ணும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். எனக்கும் களைப்பாக இருக்கிறது கிரெட்ஸி." வேறொன்றும் இல்லை.

டிசம்பர் இருபத்து நான்கு. இரவு பத்தே முக்கால்.

குடிலுக்கு வைக்க, அலமாரி இருட்டில் வளர்த்த முளைப்பாரித் தட்டுகளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள் கிரெட்ஸியா. கிழவி முடி போல வெள்ளை வெளேரென்று வளர்ந்திருந்தது. பாலன் படுக்கையைச் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள். கதவருகே பக்கத்து வீட்டு சென்சா பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி ஓடுற? பூசைகூட ஆரம்பிக்கல."

"தலைவலி."

"வீட்டுல யாரு காத்துக்கிட்டு இருக்கா உனக்கு?"

"பூனை."

"பூனைக்கும் கிறிஸ்துமஸ்தான். அதையும் கூட்டிட்டு வா, என் பக்கத்துல இடம் இருக்கு."

கிரெட்ஸியா சிரித்துவிட்டு நடந்தாள். ஜோடி ஜோடியாகக் கோயிலுக்கு ஏறி வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டாள். கடைசி விளக்குக் கம்பம் தாண்டியதும் ஆள் நடமாட்டம் நின்றது. இரண்டு பக்கமும் கல் சுவர். சுவருக்கு மேலே சப்பாத்திக்கள்ளி. கடல் காற்று காதுக்குள் ஊசியாய் இறங்கியது.

அப்போதுதான் அந்த வாசனை...

கருகின சர்க்கரை. அடுப்பில் பாகு தீய்ந்தால் வருமே, அது. ஆளில்லாத பாதையில், அந்தக் குளிரில்.

"வெட்டுவதற்கு முன்னால் கரும்புக் காட்டைக் கொளுத்துவார்கள். அந்த நாற்றம் எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது" என்று அவன் முதல் வருஷமே எழுதியிருந்தான்.

அவள் நின்றாள். பின்னால் ஒரு காலடி கூடுதலாக விழுந்து... நின்றது.

நடந்தாள். சரளைக் கல் நெரிபட்டது. நின்றாள். நின்றது.

பிறகு குரல். மெல்ல, மூச்சோடு மூச்சாக.

"ஒண்ணு..."

காற்று.

"ஒண்ணு..."

திரும்பிப் பார்க்கவில்லை அவள். ஓடவும் இல்லை. எப்படியோ வீட்டுக்கு வந்து, உள்ளே நுழைந்து, தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். மர இடுக்கு வழியாகக் கருகின சர்க்கரை உள்ளே வந்தது.

"ஒண்ணு..."

ஸாரென் குரல்தான். காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் கேட்ட அதே குரல். தட்டவில்லை. முனகவில்லை. படியில் நின்றுகொண்டு அந்த ஒரே ஓட்டையைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான்.

அவள் முக்காட்டுத் துணியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். பயத்தால் என்று நினைக்காதீர்கள். பதினோரு வருஷமாகத் தொண்டையில் நின்ற அந்த ஒரு வார்த்தை இப்போது வெளியே வந்துவிடுமோ என்றுதான். ஒரு கை நீளத் தூரம். நடுவில் ஒரு பலகை. கூப்பிட்டால் வந்துவிடுவான். கூப்பிட்டால் எங்கோ ஒரு கட்டிலில் அவன் விறைத்துப் போவான். விடியற்காலை மணி அடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும். அவன் திரும்பிப் போவான். கண் விழிப்பான். நாளைக்கே கடிதம் எழுதுகிறேன், மாதாவே, சத்தியமாக இந்தத் தடவை கிழிக்க மாட்டேன்...

நள்ளிரவு மணி அடித்தது. நம் வழக்கப்படி கிறிஸ்துமஸ் பூசையில் பிரசங்கம் சொல்லும் சின்னப் பையனின் குரல் ஒலிபெருக்கியில் காற்றில் விட்டு விட்டு வந்தது. நடுவில் மறந்துபோய்த் திக்கினான். ஊரே சிரித்தது. கதவுக்கு வெளியே எண்ணுவது நிற்கவில்லை. கதவில் சாய்ந்தபடியே அவளும் அந்த எண்ணிக்கைக்குத் தக்கபடி மூச்சு விட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவன் துணை இருந்த ஒரே கிறிஸ்துமஸ் அது. பெரியம்மாவே பிறகு டோனினாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒன்றரை மணி இருக்கும். தெருவில் செருப்புச் சத்தம். சென்சா.

"கிரெட்ஸி! செஸ்ட்நட்டும் கொக்கோவும் போட்டுக் கஞ்சி காய்ச்சியிருக்கேன், சூடா இருக்கு. கதவைத் திறடி."

கிரெட்ஸியா துணியை இன்னும் இறுக்கிக் கடித்தாள்.

"தூங்கிட்டியா? சரி, படியில வைக்கிறேன்... அட, யாரு நிக்கிறது? எனக்கு இருட்டுல கண்ணு தெரியாதுப்பா, தப்பா நினைக்காதே. விருந்தாளியா? வெளியில நிக்க வச்சுட்டு அவ பாட்டுக்குத் தூங்குறா பாரு, அழுத்தக்காரி. நல்லா தட்டு." கிண்ணம் கல்லில் பட்டது. "மேல ஒரு கோட்டு கூடப் போடாம வந்திருக்கியே! இங்க பல்லு கிட்டுது. எங்க தம்பி கொடுத்து வச்சவன், குயின்ஸ்லாந்துல இருக்கான். நமக்கு ஒன்பது மணி நேரம் முன்னாடி ஓடுறாங்களாம். அங்க இப்ப காலைல பத்தரை. வெயில் மண்டையைப் பிளக்கும். கோழியை அடுப்புல ஏத்தியிருப்பான்..."

பேசிக்கொண்டே போனாள். அவள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

கிரெட்ஸியா வாயிலிருந்து முக்காட்டுத் துணியை எடுத்தாள்.

காலை பத்தரை.

அவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கௌகௌவுக்கு விதி எழுதியவர்கள் யாரும் இந்தத் தீவை விட்டு நகர்ந்தவர்கள் இல்லை. விடியல் என்றால் ஷாரா கோயில் மணி அடிக்கிற விடியல் ஒன்றுதான் அவர்களுக்கு. அவளும் அந்த மணிக்காகத்தான் காத்திருந்தாள்... விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் முளைப்பாரித் தட்டோடு வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே அங்கே விடிந்துவிட்டது. கூடப் படுத்தவர்கள் எழுந்திருப்பார்கள். முகம் கழுவியிருப்பார்கள். "ஏய் மால்டாக்காரா, கிறிஸ்துமஸ்டா, எழுந்திரு" என்று ஒருத்தன் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பான். கட்டில் மேல் வெயில் ஏறியிருக்கும்.

விடிவதற்குள் உடம்புக்குத் திரும்பியிருக்க வேண்டிய இவன் இங்கே நின்றுகொண்டிருக்கிறான். அந்தக் கட்டிலில் இனி எழுந்திருக்க யாரும் இல்லை.

"ஒண்ணு..."

குரல் தேய்ந்திருந்தது. வழி தெரியாத குழந்தை அழுது ஓய்ந்த பிறகு பேசுமே, அப்படி.

அவள் எழுந்தாள். சமையலறை விளக்கின் திரியை உயர்த்தினாள். தாழ்ப்பாளை எடுத்தாள். கதவு வழக்கம்போலக் கிறீச்சிட்டது.

படியில் கஞ்சிக் கிண்ணம். அதற்கு அப்பால் ஒருவன், முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றான். கையை மடித்துவிட்ட மெல்லிய சட்டை. கழுத்துப் பின்புறம் வெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கடல் காற்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தது. அவன் சட்டையின் ஒரு நூல் கூட ஆடவில்லை.

அவளுக்குப் பின்னால்தான் விளக்கு. அவள் நிழல் படியிறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்ச் சுவரில் நீளமாக ஏறியிருந்தது.

அவன் நிழல் அப்படி விழவில்லை. தலைக்கு மேலே சூரியன் நிற்பது போல... கால்களைச் சுற்றி, குட்டையாக, கன்னங்கரேலென்று கிடந்தது.

எண்ணுவது நின்றது. அவன் திரும்பவில்லை. கூப்பிட்டால்தான் திரும்புவான். கூப்பிடாமல் வரமாட்டேன் என்று சொன்னவன் அல்லவா.

"ஸாரென்," என்றாள் கிரெட்ஸியா. தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "எனக்குத் தனியா இருக்க முடியல. வீட்டுக்கு வந்துடு."