நடுவில் ஒரு தரகர்

செங்கல்பட்டு ஸ்டேஷனில் மதராஸ் டிக்கெட்டுக்கு நின்றிருந்தேன். வரிசை நகர்வதாக இல்லை. எனக்கு முன்னால் ஒரு கடைக்கார பாயும் அவர் மனைவியும்.

“கிராமபோன் பிளேட்டுக்கும் ரேடியோவுக்கும் நடுவுல இன்னாத்துக்கு மச்சான் தரகரு?” என்றார் அந்த அம்மாள்.

“தரகரு இல்லமே, வால்வு பெட்டி. புது ஊசி எடுக்குற சத்தம் ரேடியோவுக்குப் பத்தல. இந்தப் பெட்டிதான் ஏத்திக் குடுக்குமாம்.”

“இப்பவே கேக்குதே.”

“ரேடியோமேல காத வெச்சாதானே கேக்குது!”

“ஆமா, ரெண்டு பேரும் ஒட்டி குந்திகினு கேக்குறோம். சத்தம் வந்துட்டா நீ வூட்டு முன்னால கடையிலயே குந்திகினு கேப்ப.”

பாய் ஒருவழியாக ஜன்னலில் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

“இருக்குறதுலயே சத்தம் கம்மியான பெட்டியாப் பாத்து வாங்கிக்கலாம், வா.”