பழைய கணினிக்காரர்

புதுச்சேரியில், சாரம் பகுதிக்குப் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இலவசத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைச் சம்பளமில்லாமல் உருவாக்குபவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“பழைய கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஒரு வெர்ஷன் செய்யறத நிறுத்துடி. அதுல நம்ம சாஃப்ட்வேர ஓட்டுறது அந்த ரெட்டியார்பாளையத்துப் பெரியவர் ஒருத்தர்தான்.”

“நிறுத்துனா அவரு எதுல எழுதுவாரு, பாவம்?”

“அவருக்காக ஞாயித்துக்கிழமை பூரா ஒக்காந்துர்ற. பொண்ணு பாக்க வந்தவங்களையே காக்க வெச்சியே!”

“அவங்க போனா வேற ஆளு வருவாங்க. பெரியவருக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?”

அந்தப் பெரியவர் நான்தான். பழைய கணினியைப் போன வருடமே எடைக்குப் போட்டுவிட்டேன். மென்பொருளில் இன்ன குறை என்று எழுதினால், எனக்காகப் பரிந்து பேசிய அந்தப் பெண் அன்றைக்கே அன்பாகப் பதில் போடுவாள். அதற்காகவே இல்லாத கணினிக்கு வாராவாரம் குறை எழுதுகிறேன். சொல்லத் தைரியமில்லாமல், என் நிறுத்தம் வருமுன்பே இறங்கிவிட்டேன்.