தலைகீழாக நின்ற திரை

மடிப்புத் திரையை நகர்த்த இருவர் வேண்டும் என்பார்கள். பழகிய கைக்கு ஒருத்தியே போதும். தாளும் மரச்சட்டமும்தானே, பார்வைக்குத்தான் கனம்.

ஆசான் குன்சாய் நோயில் விழுந்தபின் அவரைப் பார்த்துக்கொள்ளும் பணிக்கு நான் சேர்ந்தேன். அவருடைய படுக்கையின் தலைமாட்டில் அந்த இருமடிப்புத் திரை நின்றது. பொன்தாளின்மீது அவருடைய கையெழுத்தில் ஒரு கவிதை: மூடுபனியில் படகு தெரியவில்லை, துடுப்பின் ஓசை மட்டும் கரையை நெருங்குகிறது. ஆசானுடையது என்று கியோத்தோ நகரமே கொண்டாடிய கவிதை. அதை இயற்றியவன் அவருடைய மாணவன் கிசாபுரோ. உரிமை கேட்டவனைத்தான் திருடன் என்று அறிவித்து வெளியேற்றினார் ஆசான். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்கியவன் கரையேறவில்லை. கிசாபுரோ என் தம்பி. இது அவ்வீட்டில் எவருக்கும் தெரியாது.

இறந்தவரின் தலைமாட்டில் திரையைத் தலைகீழாக நிறுத்துவது நம் வழக்கம் என்பதை, விசாரிக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஐயா. அன்று காலை ஆசான் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தார். நான் திரையைத் தலைகீழாகத் திருப்பினேன். முகத்தில் வெள்ளைத் துணியை இட்டேன். கணப்புச் சட்டியை வெளியே எடுத்துவைத்தேன். பிணம் கிடக்கும் அறையில் சூடு ஆகாது. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவர் இறந்துவிட்டார் என்று நான் எவரிடமும் சொல்லவில்லை. திரை சொன்னது.

ஆசானின் மகன் சோஜிரோ அறை வாசலிலேயே நின்று அழுதான்.

“தலைகீழாப் பாத்தாலும் அப்பா எழுத்து அழகாத்தான் இருக்கு,” என்றான்.

“நேரா நிக்கும்போது ஒருநாளாவது அதை அவர்கிட்டச் சொன்னியாடா?” என்றாள் பக்கத்து வீட்டுத் தோமே. பிறகு என்னிடம், “நேத்துக்கூடக் கஞ்சியில உப்பில்லேன்னு உன்னைத் திட்டினாரேடி. இனி யாரு திட்டுவா உன்னை?”

இருவரும் அடுத்த அறைக்குச் சென்றார்கள். இடையில் ஒரு தாள்கதவு மட்டுமே. நான் திரையருகே அமர்ந்து புத்தரின் நாமத்தைச் சொல்லத் தொடங்கினேன். பிற்பகலில் துணி அசைந்தது.

“அந்தப் பாட்டு... கிசாபுரோவோடது,” என்றார் ஆசான். குரல் தேய்ந்திருந்தாலும் சொல் தெளிவு. “நான்தான் எடுத்துக்கிட்டேன். சோஜிரோவைக் கூப்பிடு. எல்லாருக்கும் தெரியணும்.”

“உள்ளே யாரோ பேசற மாதிரி இல்லே?” என்றான் சோஜிரோ.

“நுயிதான் நாமம் சொல்றா. பாவம், நாளெல்லாம் வாய் ஓயல அவளுக்கு,” என்றாள் தோமே.

நான் குரலை உயர்த்தினேன். அவர் மீண்டும் மீண்டும் என் தம்பியின் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் அதைவிட உரக்கப் புத்தரின் நாமத்தைச் சொன்னேன். பொழுது சாயுமுன் அந்த அறையில் என் குரல் மட்டுமே இருந்தது. மறுநாள் குளிப்பாட்ட வந்தவர்கள், வெள்ளைத் துணி அவருடைய கைப்பிடிக்குள் இறுகியிருந்ததைக் கண்டார்கள். அதனால்தான் தாங்கள் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

ஆம், நான்தான் கொன்றேன். ஆனால் காரணத்தையும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: என் தம்பியின் பெயரிலிருந்த களங்கத்தைத் துடைக்கவே இதைச் செய்தேன்.